பெரிய வெள்ளிக்குக் கீரைக் கம்போ

1. அடுப்பைப் பற்றவைத்த நாள்

சமையல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. வீட்டில் தினமும் பற்றவைக்கிறவள்தான். ஆனால் அது வீடு. அதற்கு முன்னால் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் தரைச்சக்கரம் சுற்றியிருக்கிறேன். வாசலிலேயே தீப்பெட்டி இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். செருப்பை வெளியே கழற்றிப் போட வேண்டும். இரும்புச் சாமானைக் கையால் தொடக் கூடாது. அப்படிப் பழகின உடம்பு, வேலை செய்கிற இடத்தில் நெருப்பு என்றால் பின்னால்தான் போகும். என் கையில் லைட்டரைக் கொடுத்து, "பத்த வைங்க" என்றார் முதலாளி. நான் லைட்டரைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி என்றால் லாரன்ஸ் அண்ணாச்சி. அமெரிக்காவில் லூசியானா பக்கம் பிறந்தவர், கறுப்பின மனிதர், எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைய முடியும், அவ்வளவு உயரம். அவருடைய மனைவி ரெஜினா அக்கா எங்கள் தெருவில் பிறந்தவர். நர்ஸ் வேலைக்கு அங்கே போய், அவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ரிட்டயர் ஆனதும் அவரையும் கூட்டிக்கொண்டு சிவகாசிக்கே திரும்பிவிட்டார். அண்ணாச்சி அங்கே தன் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடையில் காலமெல்லாம் சமைத்தவர். இங்கே வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. அக்கா வீட்டின் முன்னறைகளை ஒழித்துக் கடை போட்டுக் கொடுத்தார்.

"நாள் பூரா எம் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தா அவுகளுக்கும் கிறுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்" என்றார் அக்கா.

பட்டாசு மருந்துத் தூசியில் எனக்கு இருமல் பிடித்து, விடாமல் இருமிக்கொண்டிருந்த சமயம் அது. தெருவில் போகும்போது என் இருமலைக் கேட்ட அக்கா, மறுபேச்சுப் பேச விடாமல் என்னைக் கம்பெனியிலிருந்து நிறுத்தித் தன் அடுப்படியில் சேர்த்துவிட்டார். முதல் நாள் நான் லைட்டரோடு முழிப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்று, "பேச்சி, அங்கன நெருப்பு எமன். இங்கன அதுதான் சாமி. கும்பிட்டுட்டுப் பத்த வை" என்றார். நான் நிஜமாகவே கும்பிட்டுவிட்டுத்தான் பற்றவைத்தேன். அண்ணாச்சியும் என்னோடு சேர்ந்து கும்பிட்டார்.

அண்ணாச்சி தமிழை முழுக்க முழுக்கத் தன் மனைவியிடம் கற்றவர். அதனால் எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வரும். மரியாதையை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு விடுவது என்பது மட்டும் தெரியாது. அடுப்படிக்கு வருகிற பூனையைக்கூட, "சாப்பிட்டீகளா? வெளிய போங்க" என்பார்.

தெருவில் அப்போது ஒரே பேச்சு, இந்த மனிதர் எத்தனை நாள் தாங்குவார் என்பதுதான். எங்கள் ஊர் வெயிலைப் பார்த்து இந்த ஊர்க்காரர்களே ஓடுகிறார்கள். கோடை முடிவதற்குள் கிளம்பிவிடுவார் என்று சொல்லாத ஆள் இல்லை.

2. ரூ கருகின அன்று

அண்ணாச்சியின் சாப்பாட்டைக் கிரியோல் சாப்பாடு என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஸ்பெயின்காரர்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று பல பேர் கை பட்ட சமையல். அதில் பெரிய சமாச்சாரம் கம்போ. நம்ம ஊர்க் குழம்பு மாதிரி சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது. வெண்டைக்காய் சேரும், இறால் சேரும், கோழி சேரும். ஆனால் கம்போவுக்கு உயிர் ரூ.

ரூ என்றால் மைதாவும் எண்ணெயும்தான். அடிகனத்த இரும்புச் சட்டியில், சின்னத் தீயில், மரத்துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். முதலில் சந்தன நிறம் வரும், பிறகு புளி நிறம், கடைசியில் கருப்பட்டி நிறம். அந்தக் கருப்பட்டி நிறத்தில் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். கருகின ரூவை எந்த வித்தை செய்தும் மீட்க முடியாது.

மரத்துடுப்பைக் கையில் கொடுத்ததுமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கம்பெனியிலும் இரும்பு கிடையாது, எல்லாம் மரம்தான். அவசரமும் கிடையாது, மருந்தை அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நிதானமாகக் கிண்டுவதை எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சிக்கு அடுப்படியில் ஒரே ஒரு சட்டம். ரூ அடுப்பில் இருந்தால் கடவுளே வந்து கதவைத் தட்டினாலும் காத்திருக்கட்டும்.

ஒரு நாள் காலையில் நான் கிண்டிக்கொண்டிருந்தேன். புளி நிறம் வந்திருந்தது. திடீரென்று ஒரு சத்தம், சன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. எங்கள் ஊரில் வெடிச் சத்தம் புதிதல்ல. கம்பெனிகளில் டெஸ்ட் வெடி போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அது விட்டு விட்டு வரும். இது ஒரே சத்தம், கனமான சத்தம். துடுப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தெருவே வாசலில் நின்று எந்தப் பக்கம் புகை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. என் மகள் முத்து அப்போது ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தாள். போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள். போனை வாசலில் வாங்கி வைத்துவிட்டுத்தானே உள்ளே விடுவார்கள். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிற கொடுமை எங்கள் ஊர்த் தாய்மாருக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னால் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி கேஸை அணைத்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றார்.

"ஏறுங்க பேச்சிம்மா."

"ரூ அண்ணாச்சி..."

"ஏறுங்கன்னு சொல்றேன்ல."

கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முத்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கல் குவாரியில் போட்ட வெடி. அவளைப் பார்த்ததும் நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். ஏப்ரனும் மாவுக் கையுமாக நிற்கிற அந்த நெட்டை மனிதரைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவர் அவர்களுக்கும், "சாப்பிட்டீகளா?" என்றார்.

திரும்பி வந்தால் வீடெல்லாம் புகைநாற்றம். அடுப்பை அணைத்தாலும் இரும்புச் சட்டியின் சூட்டிலேயே ரூ கரிக்கட்டையாகியிருந்தது. அதை வழித்துக் கொட்டிவிட்டு, சட்டியைத் தேய்த்து, புது மாவைப் போட்டு அவரே கிண்டத் தொடங்கினார். மதியச் சாப்பாடு அன்றைக்குச் சாயங்காலம்தான் ஆனது. அன்றிலிருந்து அவர் எனக்கு முதலாளி இல்லை, கூடப் பிறந்தவர்.

3. ரசம் இருக்கா?

எண்ணெய்ப் பரோட்டா விளைகிற மாவட்டத்தில் கிரியோல் கடை நடத்துவது லேசான காரியம் இல்லை. முதலில் வந்தவர்களில் பாதிப் பேர் ரெஜினா அக்காவுக்காக வந்தவர்கள். மாதா கோயிலில் அவருக்குப் பழக்கமான டீச்சர்கள், நர்சுகள், அவருடைய பெரியம்மா சித்தி வகையறா. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீதிப் பேர். எது வைத்தாலும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில், "ரசம் இருக்கா?" என்பார்கள். அண்ணாச்சிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரே ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்.

எதிர்த்தாற்போல் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிற செல்வராஜ் அண்ணன் தினம் வருவார். காலண்டர் ஆர்டர் ஓடுகிற நாளில் மையும் கையுமாக வருவார். ஜம்பாலயா என்று ஒன்று உண்டு. அரிசியைத் தக்காளி, கோழி, இறாலோடு சேர்த்து ஒரே சட்டியில் வேகவைப்பது. முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"அண்ணாச்சி, என்ன பேரு வச்சாலும் இது பிரியாணிதான?"

"இல்லீக. பிரியாணியோட சித்தி மகன்."

"அப்ப எனக்குச் சொந்தந்தான். இன்னொரு கரண்டி வைங்க" என்றார் செல்வராஜ் அண்ணன்.

திங்கட்கிழமையானால் ராஜ்மாச் சோறு. அண்ணாச்சி ஊரில் திங்கட்கிழமை துணி துவைக்கிற நாளாம். பெண்கள் பயறை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போய்விடுவார்களாம், அது பாட்டுக்கு வெந்துகொண்டு இருக்குமாம். வாஷிங் மெஷின் வந்த பிறகும் திங்கட்கிழமைப் பயறை அவர்கள் விடவில்லை. இங்கேயும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜ்மாவை ஊறப் போடுவது என் பொறுப்பு.

வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும் வருவது கீரைக் கம்போ. தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சமைத்துப் பெரிய வெள்ளியன்று சாப்பிடுவார்கள். கறி, மீன் எதுவும் சேராது, முழுக்கக் கீரை. எத்தனை வகைக் கீரை போடுகிறோமோ அந்த வருஷம் அத்தனை புதுச் சிநேகிதம் கிடைக்கும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. ரெஜினா அக்கா கூடையை எடுத்துக்கொண்டு தெருமுனையில் கீரை விற்கிற காளியம்மாவிடம் போய், அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வருவார். ஒரு தடவை அகத்திக்கீரையையும் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அகத்தி மருந்தை முறித்துவிடும் என்று நான் சண்டை போட்டு அதைப் பொறுக்கி எடுக்கவைத்தேன். "ஒரு சிநேகிதம் போச்சு" என்று அண்ணாச்சி அன்று முழுக்க முனகிக்கொண்டிருந்தார்.

4. ஆரு இருக்கா

போன ஐப்பசியில், அடைமழை பெய்துகொண்டிருந்தபோது, ரெஜினா அக்கா இறந்துபோனார். காலையில் எழுந்து காப்பி போட்டவர், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். அக்காவைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு முடியாது. எனக்கு மூச்சு விட வழி செய்து கொடுத்தவர் அவர். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அண்ணாச்சி கடையைத் திறந்தார். சமைத்தார். ஆனால் பேசவில்லை. பூனை வந்தால்கூடப் பேசாமல் நகர்ந்துகொள்வார்.

அவர்களுடைய ஒரே மகள் கிளாரா அமெரிக்காவிலேயே வேலை பார்க்கிறவள். அடக்கத்துக்கு வந்து போனவள், தவக்காலத்தில் மறுபடி வந்தாள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு. நல்ல பிள்ளை. அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா தனியாகக் கிடக்கிறார் என்று நினைத்தால் எந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும்? ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டாள். அண்ணாச்சி சரி என்றுவிட்டார்.

எனக்கு அதைச் சொன்னவர் அண்ணாச்சிதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"போறீகளா அண்ணாச்சி?"

"போகணும்ல பேச்சிம்மா. இங்கன எனக்கு ஆரு இருக்கா? எல்லாரும் ரெஜினாவோட ஆளுக. அவுக போயிட்டாக. இந்தப் பெரிய வெள்ளிக்குக் கீரைக் கம்போ வைப்போம். அதோட முடிச்சிருவோம்."

எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஆரு இருக்கா என்றால் அப்போது நான் யார்? இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று ரூ கிண்டினவள் யார்? கேட்டிருப்பேன். துக்கத்தில் இருக்கிற மனிதரிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு காளியம்மாவிடம் போனேன்.

"ஏந்தா பேச்சி, மூஞ்சிய எங்கன அடகு வச்ச?" என்றாள் காளியம்மா.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிக்கெட் போட்டது, கடைசிக் கம்போ, கீரைக்கு ஒரு சிநேகிதம் என்கிற கணக்கு, எல்லாம்.

"இந்த வெயில்ல நான் எங்கன போயி அம்புட்டு வகை கொண்டாருவேன்? சிறுகீரையும் தண்டங்கீரையும்தான் வருது" என்றாள். பிறகு, "அண்ணாச்சி போறாகளா?" என்று இன்னொரு முறை கேட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் காளியம்மாவிடம் சொன்னது ஒன்று. அது தெருவைச் சுற்றி வந்து சேர்ந்தபோது, "அண்ணாச்சிக்குக் கீரை வேணுமாம். கீரை நெறையக் கெடைச்சா ஊருக்குப் போக மாட்டாராம்" என்று ஆகியிருந்தது.

5. பெரிய வியாழன்

பெரிய வியாழன் காலையில் நான் கடைக் கதவைத் திறக்கும்போதே செல்வராஜ் அண்ணன் வண்டியில் ஒரு முருங்கைக் கிளையோடு நின்றார். சரி, ஒரு வகை ஆயிற்று என்று வாங்கி வைத்தேன். பின்னாலேயே கோயில் தெரு டீச்சர் ஒருவர் வந்தார், முருங்கைக்கீரை. அதற்குப் பிறகு பிரஸ்ஸில் பைண்டிங் செய்கிற பெண்கள், முருங்கைக்கீரை. மெடிக்கல் கடைக்காரர், முருங்கைக்கீரை. எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாவிட்டாலும் எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் நிற்கிற மரம் அது ஒன்றுதானே. ஆளாளுக்கு வீட்டு மரத்தை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மேசை நிறைந்து, பெஞ்சு நிறைந்து, முன்னறைத் தரையில் முருங்கை குவிந்தது.

கிளாரா வந்து பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எல்லாம் ஒரே கீரையா?"

"ஆமா தாயி" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரே திரண்டு வந்தும் அவர்கள் கணக்குப்படி இது ஒரே ஒரு சிநேகிதம்தான்.

அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்தார். நின்றார். குவியலைப் பார்த்தார், வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"எல்லாம் முருங்கையா?"

செல்வராஜ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "கீரை வேணும்னாக, கொண்டாந்தோம் அண்ணாச்சி. வேற வேற வேணும்னு ஆரும் சொல்லலியே."

அண்ணாச்சி சிரித்தார். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"சரி, இம்புட்டையும் ஆரு உருவுறது?" என்றார்.

முருங்கை வாங்குவது சுலபம், உருவுவதுதான் பாடு. காம்பு ஒன்று விழுந்தாலும் நாக்கில் உறுத்தும். ஒருத்தி உட்கார்ந்தால் ஒரு கட்டுக்கே அரை நாள் போய்விடும். வந்தவர்கள் ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். காளியம்மா வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு, தன்னிடம் இருந்த சிறுகீரையையும் தண்டங்கீரையையும் கொண்டுவந்து போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மதியத்துக்கு மேல் முத்துவும் அவளோடு வேனில் வருகிற பிள்ளைகளும் வந்தார்கள். கையெல்லாம் வெள்ளி மருந்து மினுங்கியது. சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி கழுவி, நான் மோந்து பார்த்த பிறகுதான் கீரையைத் தொட விட்டேன். திரி சொருகிப் பழகின விரல்கள் கீரையை உருவுகிற வேகத்தைக் கிளாரா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து உருவினார். பேச்சு எங்கெங்கோ போய், அக்காவிடம் வந்தது. செல்வராஜ் அண்ணன் சொன்னார்:

"எம் மவன் பரீட்சையில தோத்துட்டு வீட்ட விட்டுப் போனப்ப, நான் இங்கன வந்துதான் உக்காந்திருந்தேன். அண்ணாச்சி ஒண்ணும் கேக்கல. எதுத்தாப்புல உக்காந்து வெண்டிக்கா நறுக்கிட்டே இருந்தாக. பய திரும்பி வர்ற வரைக்கும் எந்திரிக்கல. அக்காவுக்கு இது தெரியவே தெரியாது."

"நீங்க சொல்ல வேண்டாம்னீக. நான் சொல்லல" என்றார் அண்ணாச்சி.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கேன். ரூ கருகின அன்னைக்கு என்னைய ஸ்கூட்டர்ல ஏத்திட்டுப் போனது ரெஜினா அக்காவா, நீங்களா? எல்லாரும் அவுக ஆளுகன்னா, அன்னைக்கு வந்தது ஆரோட ஆளு?"

அண்ணாச்சி உருவுவதை நிறுத்தினார். கையிலிருந்த ஈர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொரு கிளையை எடுத்து உருவ ஆரம்பித்தார். கிளாரா நகர்ந்து அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ரூவை நான் கிண்டினேன். எந்தச் சத்தம் கேட்டாலும் நகருவதில்லை என்று நின்று கிண்டினேன். மறுநாள் கோயிலில் மூன்று மணி வழிபாடு முடிந்து, ஒருசந்தி விரதம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் வந்து கம்போ சாப்பிட்டார்கள். முருங்கை வாசம் தூக்கலாக இருந்தது. நன்றாகவே இருந்தது. வழக்கம்போல நாலைந்து பேர் ரசம் கேட்டார்கள்.

6. ஞாயிறு சாயங்காலம்

ஈஸ்டர் ஞாயிறு கடை கிடையாது. ஆனாலும் சாயங்காலம் போனேன். முன்னறையில் இரண்டு பெட்டிகள் நின்றன. பின்கட்டில் அப்பாவும் மகளும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளாராவின் குரல் ஒரு சமயம் உடைந்தது, ஒரு சமயம் சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

அடுப்படிக்குள் போனேன். சுவரில் துடுப்பு தொங்கியது. சட்டி கவிழ்ந்து கிடந்தது. சும்மா நிற்க என்னால் ஆகாது. ராஜ்மா டப்பாவை எடுத்தேன். கல் பொறுக்கி, கழுவி, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டேன். யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அதனால் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்தார். குனிந்து நுழைந்து, அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். காலடியில் பூனை நின்றது. "நீங்க சாப்பிட்டீகளா?" என்று அதனிடம் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பேச்சிம்மா, ராஜ்மா ஊறப் போட்டீகளா?"

"போட்டாச்சு அண்ணாச்சி."

மூடியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றினார்.

"இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடுங்க. நாளைக்குக் கிளாராவும் சாப்பிட்டுட்டுத்தான் போவாக."

கிளாரா மறுநாள் ராஜ்மாச் சோறு சாப்பிட்டுவிட்டு, தனியாக, ஒரு பெட்டியோடு மதுரை விமான நிலையத்துக்குக் கார் ஏறினாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தாள், தமிழ் வரவில்லை. "தெரியும் தாயி, போயிட்டு வா" என்றேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் ரூவின் பக்குவத்தைத்தான் கேட்கிறார்கள். அது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. நாளைக்குக் கடை உண்டா இல்லையா என்று முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பயறை ஊறப் போட்டுவிடுங்கள். வீணானால் ஒரு படி ராஜ்மாதான் போகும். நாளைக்கு இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டு அடுப்படிக்குள் வருகிற ஒரு மனிதர் மூடியைத் திறந்து பார்க்கும்போது, உள்ளே அது ஊறிக்கொண்டிருக்க வேண்டும்.